காலையில் சாப்பிட்டது

ஞாபகம் எப்படியிருக்கிறது என்று பார்க்க, கடிகாரம் ஒன்று வரையச் சொல்லி டாக்டர் நீட்டிய பென்சிலைப் பேச்சியம்மாள் கரண்டியைப் போலப் பிடித்தாள். டாக்டருக்குப் புரிந்தது. மெல்ல வாங்கிக்கொண்டார்.

“பள்ளிக்கூடம் போகலைன்னா பரவாயில்லம்மா. காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“பழைய சோறு. தொட்டுக்க வெங்காயம்.” தயங்காமல் சொன்னாள்.

டாக்டர் அவளுடன் வந்திருந்த மகனிடம் திரும்பினார். “சரியா சொல்றாங்களா?”

“இல்ல சார், இட்லி,” என்றான் செல்லப்பாண்டி. சொன்ன பிறகுதான், இட்லி இருந்தது தன் தட்டில் என்பது உறைத்தது. அம்மா சாப்பிட்டதை அவன் பார்க்கவேயில்லை.

பேச்சியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்கய்யா, இட்லிதான். எனக்குத்தான் எதுவும் நெனப்புல நிக்க மாட்டேங்குது.”

டாக்டர் அதை எழுதி முடிக்கும்வரை செல்லப்பாண்டி வாயைத் திறக்கவில்லை.