விட்டாச்சு

"அவனை விட்டுடாதீங்க ஐயா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

பலாக்கா நீதிமன்றப் படியில் அந்த அம்மாள் உண்மையாகவே லுசுங்குவின் காலைப் பிடித்துவிட்டாள். அரசு வழக்கறிஞராக இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத லுசுங்குவுக்கு முகமெல்லாம் வியர்த்தது.

அவள் மார்போடு ஓர் இளைஞனின் சட்டையை அணைத்திருந்தாள். நீலக் கோடு போட்டது. துவைத்து, கரிப்பெட்டியால் மொரமொரவென்று தேய்த்தது. லுசுங்கு கையிலிருந்த கேஸ் கட்டைப் பார்த்தான். மினிபஸ் மோதிச் செத்துப்போன சைக்கிள் டாக்ஸிப் பையன் ஃபட்சானிக்கு இருபது வயதுதான்.

"எந்திரிங்கம்மா. டிரைவர் வைசனைத்தானே சொல்றீங்க?"

"அவனைத்தான். ரெண்டு தடவை விட்டாச்சு விட்டாச்சுன்னீங்க. ரெண்டு வருஷமா நான் ஒரு வாய் நிம்மதியா சாப்பிடலை. இன்னிக்கும் விடப்போறீங்களாமே? எனக்குத் தீர்ப்பு வேணும் ஐயா!"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். "போலீஸ் ஜீப் கேட்டுலயே நிக்குதும்மா. வைசனுக்கு அந்த சீட்டே பழகிப்போச்சு."

லுசுங்கு அவனை முறைத்துவிட்டு, அவளை ஒதுக்கமாக அழைத்துப்போனான். தப்பு இவள்மேல் இல்லை. கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்பவர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்.

"அம்மா, விடறதுல ரெண்டு விதம் இருக்கு. நேர்ல பாத்த சாட்சி, பஞ்சர் ஒட்டறவன், தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போயிட்டான். அதனால கேஸை வாபஸ் வாங்கறேன். வாபஸ்னா தீர்ப்பு இல்லை. போன ரெண்டு தடவை மாதிரி கேட்டுலயே அவனைத் திரும்பப் பிடிச்சுடலாம்."

"வாபஸ் வாங்கலைன்னா?"

"சாட்சி இல்லாம விசாரணை நடந்தா, குற்றமில்லைன்னு தீர்ப்பாயிடும். தீர்ப்பு சொன்ன குத்தத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்துல இடமில்லை. அப்புறம் சாட்சியே வந்தாலும் அவனைத் தொட முடியாது. உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

அவள் அழுகை நின்றது. "வாபஸ் வேண்டாம்னு வைசனே சொன்னா?"

"அவன் எதுக்குச் சொல்லப்போறான்? போன ரெண்டு தடவையும் தலையாட்டினவன்தானே!"

சட்டை கசங்காமல் ஏந்திக்கொண்டு அவள் கட்டடத்தின் பின்பக்கமாக வேகமாக நடந்தாள். தனியாக அழப்போகிறாள் என்று லுசுங்கு நினைத்தான்.

பின்பக்கக் காவல் அறையிலிருந்து வைசனை விலங்கோடு கொண்டுவந்தார்கள். கிழிந்த பனியனுக்குள் விலா எலும்பு தெரிந்தது.

"கேஸை வாபஸ் வாங்கறாங்க. நீ ஏதாவது சொல்லணுமா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"என்னை விடாதீங்க ஐயா. விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லுங்க."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "மூணாவது வாபஸுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சாட்சியைக் கூப்பிடுங்க."

கூப்பிட லுசுங்குவிடம் யாருமில்லை.

குற்றமில்லை என்று தீர்ப்பானது. மொழிபெயர்ப்பவர் வழக்கம்போல, "விட்டாச்சு" என்றார்.

அந்த அம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது? மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே லுசுங்கு திரும்பினான்.

வைசனின் விலங்கை அப்போதுதான் கழற்றியிருந்தார்கள். அவள் கூண்டருகே நின்று, அந்த நீலக் கோட்டுச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை நீட்டுடா, அம்மா போட்டுவிடறேன்."