யார் வீட்டுப் பிள்ளை?

"பாஸ்டர், சுத்தி வளைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்தீங்களா, இல்லியா?"

ஞாயிறு ஆராதனை முடிந்தும் யாரையும் வீட்டுக்குப் போக விடவில்லை சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் டீக்கன் ஞானாபரணம். நாசரேத் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். கம்பெனியில் சூப்பர்வைசர். சபையிலும் அப்படித்தான்.

ஜூஜுவாடியில் தகரக் கூரை போட்ட பாப்டிஸ்ட் சபை அது. உள்ளே அனல் இறங்கியது. பாஸ்டர் மாதப்பன் எழுந்து நின்றார்.

"குடுக்கலீங்க."

"வேற சபைக் கல்லறைத் தோட்டத்துல போய், 'இந்தப் பிள்ளைக்கு நான் ஞானஸ்நானம் குடுத்திருக்கேன்'னு சொன்னீங்களாமே? அங்க காவலுக்கு இருக்க ஆளே எங்கிட்டச் சொன்னாரு."

"சொன்னேங்க."

"அப்ப அது பொய்யி?"

"பொய்தாங்க."

கூட்டம் சலசலத்தது.

தானாக விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்கிறவருக்குத்தான் ஞானஸ்நானம். அதுவும் தண்ணீரில் முழுக்கித்தான். தெளிப்பது கிடையாது, கைக்குழந்தைக்குக் கிடையவே கிடையாது. அந்தச் சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான போதனை. சொல்லிக்கொடுத்தவரே மாதப்பன்தான். 'பிள்ளை நெத்தியில நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சு விடுங்கய்யா' என்று வந்த குடும்பங்களை, அவர்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போனாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பியவர்.

அவரா இப்படி?

"யார் வீட்டுப் பிள்ளை அது?" என்றார் ஞானாபரணம்.

"அது வேண்டாங்க."

"நம்ம சபை ஆளா?"

"இப்ப இல்லைங்க."

"பின்ன யாரு? பேரச் சொல்லுங்க. சபைக்குத் தெரியணும்லா?"

"சொல்லாதீங்கன்னு பெத்தவ கேட்டுக்கிட்டா. சொல்ல மாட்டேன்."

பின்வரிசையில் கம்பெனி யூனிஃபார்மோடு இருந்த ஒருவர் எழுந்தார். "அப்படிப் பொய் சொல்ற அளவுக்கு என்ன நடந்துச்சு பாஸ்டர்?"

மாதப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"பொறந்து ரெண்டே நாளுங்க, செத்துப்போச்சு. அப்பன் ஊரு சூளகிரிப் பக்கம். அங்க கொண்டுபோனா, 'கிறிஸ்தவச்சி பெத்தது, இங்க பொதைக்கக் கூடாது'ன்னுட்டாங்க. நமக்குன்னு கல்லறை கிடையாது. பச்சை ஒடம்புக்காரி, துணி சுத்துன பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டு ஆட்டோவுலயே உக்காந்திருந்தா. 'சிலுவை நட்ட எடத்துல வெச்சிருங்கய்யா'ன்னு அது ஒண்ணுதான் கேட்டா. அந்தத் தோட்டத்துக் கேட்டுல, 'ஞானஸ்நானம் ஆச்சா'ன்னாங்க. ஆகலைன்னா எடம் இல்லைன்னாங்க."

"உள்ளதச் சொல்லிட்டுத் திரும்பியிருக்கலாம்லா?"

"எங்கேங்க திரும்பறது?"

 ஞானாபரணம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஞானஸ்நானம் ரட்சிக்காது, விசுவாசந்தான் ரட்சிக்கும்னு நீங்கதான போதிச்சீங்க? பின்ன அந்தப் பிள்ளைக்கு எதுக்கு அந்தப் பொய்யி?"

"அந்தப் பிள்ளை ஆண்டவர்கிட்டதான் இருக்குதுங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஒடம்புக்குத்தான் மண்ணு கிடைக்கல."

"அதெல்லாம் சரி. யார் பிள்ளை? கடைசியாக் கேக்கேன்."

மாதப்பன் தலையை மட்டும் ஆட்டினார். மாட்டேன் என்று.

அந்தச் சபைக்கு மேலே பிஷப் கிடையாது, தலைமையிடம் கிடையாது. விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர்களே, எல்லோருக்கும் ஒரே அளவு உரிமை. அதுவும் அவர்கள் கொள்கைதான்.

"பொய் சொன்ன மேய்ப்பர் நமக்கு வேண்டாம்ங்கிறவங்க கை தூக்குங்க" என்ற ஞானாபரணம், தானே முதலில் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து நாலு கை, அப்புறம் பத்துக் கை. மாதப்பன் தண்ணீரில் முழுக்கி எடுத்த கைகள் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

சபையைப் பெருக்கித் துடைக்கும் சாந்தம்மா மட்டும் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாம ஒரு துண்டு மண்ணு வாங்கிப் போட்டிருந்தா, அவரு எதுக்குங்க போய்ப் பொய் சொல்றாரு?"

 ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது. அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். பாஸ்டரிடம் கை குலுக்கத் தயங்கியவர்கள் பின்வாசல் வழியாகப் போனார்கள்.

மாதப்பன் வெளியே வந்து பைக்கைத் திருப்பினார். ஞானாபரணம் பின்னாலேயே வந்து நின்றார். சாவிக்காக வந்திருக்கிறார் என்று நினைத்து, சபைச் சாவியை எடுத்து நீட்டினார் மாதப்பன்.

ஞானாபரணம் வாங்கவில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பியூலா... எந்திரிச்சு நடக்காளா?"

மாதப்பன் திடுக்கிட்டுப் போனார். அவிசுவாசியைக் கட்டிக்கொண்டாள் என்று ஞானாபரணம் தலைமுழுகிய மகளின் பெயரை அவர் வாயால் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"அப்ப, தெரிஞ்சேதான் கேட்டீங்களா, யார் பிள்ளைன்னு?"

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதான் கேட்டேன்."

அத்திப்பள்ளிப் பக்கம் போகும் லாரி ஒன்று இருவரையும் புழுதியில் மூழ்கடித்துவிட்டுக் கடந்தது. அது போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார் ஞானாபரணம்.

"என் பேரன எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க, பாஸ்டர்?"