தொட்டால் தூக்கி எறியும்

"வேலியைத் தொட்டுராதேயும் வே! ஆளையே தூக்கி எறிஞ்சிரும்!" என்று வரப்பில் ஓடிவந்தபடியே கத்தினார் மகேஸ்வரன்.

பக்கத்து வயல்காரர் பெருமாள்ராஜ் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவருடைய கிடா நின்று, மகேஸ்வரனின் வாழைக்கன்றுகளைக் குருத்தோடு தின்றுகொண்டிருந்தது.

"கரண்டு ஓடுத வேலின்னா என் கிடா எப்படிவே உள்ள போச்சு?"

களை எடுத்துக்கொண்டிருந்த ஆட்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து வயல் அது. மின்கம்பமே கிடையாது. பன்றித் தொல்லை தாங்காமல் சோலார் பலகையும் அதற்கொரு கரண்டுப் பெட்டியும் வைத்து வேலி போட்டிருந்தார். ஐப்பசி மழையில் அதன் பேட்டரி செத்துப்போனது அவருக்கும் மனைவி சித்ரலேகாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் ஊர் ஆடுமாடு மொத்தமும் உள்ளே வந்துவிடுமே! அதனால் செத்த வேலியை இன்னமும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் தாண்டுவார்.

"துள்ளிக் குதிச்சிருக்கும் வே."

"அதுவா? அது வயித்தப் பாரும். படி ஏறவே மூச்சு வாங்கும்." கூட்டம் சிரித்தது. "சரி, பெட்டிய அமத்திக் கரண்ட நிறுத்தும். நான் போய் இழுத்துட்டு வாரேன்."

அப்போது தூரத்தில் சித்ரலேகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. "ஏங்க! பெட்டியத் தொடாதீய! பெட்டியத் தொடாதீய!"

மகேஸ்வரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு ஒருமுறைகூட ஒத்து ஊதாதவள், இன்றைக்கு என்னமாய் நடிக்கிறாள்!

"பாத்தீரா? எம் வீட்டுக்காரியே பதறுதா!" என்றவர், பெட்டியின் பொத்தானை ஒற்றை விரலால் பயந்து பயந்து அமுக்கினார். "அமத்தியாச்சு. இனி போம்."

பெருமாள்ராஜ் நகரவில்லை. "மொதல்ல நீரு தொட்டுக் காட்டும்."

இதைவிட லேசான வேலை உண்டா? மகேஸ்வரன் செருப்பைக் கழற்றி வீசினார். ஈர வரப்பில் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையாலும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"எம்மோவ்!"

சேற்றில் மல்லாந்து கிடந்தார். கிடாகூட மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஏ யப்பா! அமத்தின பொறவே இந்த அடி அடிக்குதா!" என்று பெருமாள்ராஜ் பின்வாங்க, அவருக்குப் பின்னால் கூட்டமும் வாய்க்கால் வரைக்கும் பின்வாங்கியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த சித்ரலேகா, புருஷனைத் தூக்கி உட்கார வைக்கிற சாக்கில் காதோரம் குனிந்தாள்.

"காலைல நீங்க அம்பாசமுத்திரம் போனதும், ஆள் வரவச்சுப் புது பேட்டரி போட்டேங்க. பக்கத்துல ஆளுவ வேலை செய்யுதாவளேன்னு நான் அமத்தித்தான் வச்சிருந்தேன். நீங்கதான் இப்பப் போட்டுவிட்டுட்டீய!"