எண்பத்தைந்துக்கு மேல்

தடதடவென்று ஸ்டியரிங் அதிர்ந்தது.

அவள் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். வளையல்கள் கலகலத்தன. நடுக்கம் மணிக்கட்டு வழியாகத் தோள்வரை ஏறியது.

முள் எண்பத்தைந்தில் நின்றது.

காலைத் தளர்த்தினாள். எழுபது. நடுக்கம் ஓய்ந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

மறுபடி அழுத்தினாள். எண்பது. எண்பத்திரண்டு. எண்பத்தைந்து.

தடதட.

எதிரே கண்ணுக்குத் தெரியாமல் யாரோ உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்குவது போல.

மணி பன்னிரண்டு. மதுரையை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கணவன் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது ஒரு மணிக்கு. காலி அலமாரியை அவன் திறந்து பார்ப்பதற்குள் திருச்சியில் அக்காள் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும். மிதித்துவிட்டால் போதும். அத்தான் போலீஸ்.

எழுபதில் போனால் நேரம் பத்தாது.

எண்பத்தைந்தில் போகப் பயமாக இருந்தது. அந்தப் பயமும் அவன் கொடுத்ததுதான்.

அவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். தினமும் செல்போனில் படங்களோடு வருவான். அவள் சோற்றைப் பிசையும்போது முகத்துக்கு நேரே நீட்டுவான்.

'பார்த்தியா? ஸ்டியரிங் நடுங்கியிருக்கு. நிறுத்தாம ஓட்டியிருக்கா.'

எல்லாப் படங்களிலும், ஓட்டியது ஒரு பெண்ணாகவே இருந்தது.

துவரங்குறிச்சி தாண்டி ஒரு கடை. பழைய டயரில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தது: பஞ்சர், வீல் பேலன்ஸிங்.

நிறுத்தினாள்.

"வாங்கம்மா. என்ன, ஆட்டுதா?"

கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகம்.

"எண்பதைத் தாண்டினா ஆடுது."

"சீட்டு ஆடுதா, ஸ்டியரிங் ஆடுதா?"

"ஸ்டியரிங்."

"அப்ப முன்வீலுதான். குளிர்ஜுரம்மா உங்க வண்டிக்கு. ஒரு ஊசி போட்டா ஓடிரும்."

வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய்விட்டு, ஜாக்கியோடு வந்தார்.

"சீக்கிரம் முடிச்சிருவீங்களா?"

"கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள."

முன்சக்கரங்கள் இரண்டும் கழன்றன. வண்டி மரக்கட்டைகள் மேல் முட்டி போட்டு நின்றது. ஒரு சக்கரத்தை மிஷினில் மாட்டிச் சுழலவிட்டார். சிவப்பு எழுத்தில் எண் வந்தது.

அறுபது.

"அறுபது கிராமா!" சக்கரத்தை நிறுத்தி உள்பக்கம் விரலால் தடவினார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். ஒட்டியிருந்த ஈயத்துண்டுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தன. பளபளவென்று புதியவை. பசைகூட இன்னும் வெள்ளையாக இருந்தது.

அடுத்த சக்கரத்திலும் அதே இடத்தில், அதே அளவு.

"யாரும்மா இந்த வேலையைப் பார்த்தது? ஆட்டத்தை நிறுத்த ஒட்டுற ஈயத்தை, ஆட்டி வைக்கிறதுக்குன்னே ஒட்டியிருக்கான்."

அவள் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை. போர்ட்டிகோவில் சம்மணம் போட்டு, முன்சக்கரத்தைக் கழற்றி மடியில் சாய்த்து வைத்திருந்தான். காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். விரல்களில் பசை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

'உனக்காகத்தான்.'

அப்படியென்றால், அவள் துணிகளை மடிப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்ணே, அதை எடுத்துட்டீங்கல்ல? போதும். அப்படியே மாட்டுங்க. நான் போகணும்."

"ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு மாட்டிர்றேம்மா."

சக்கரத்தைச் சுழலவிட்டுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் போனார். மிஷின் விளக்கு அணைந்தது. சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் தானாகவே மெல்ல மெல்ல ஓய்ந்தது.

"கரண்ட் போச்சும்மா. வந்துரும். உட்காருங்க."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தாள். எழுந்தாள். சாலையைப் பார்த்தாள். மதுரைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது நிற்காமல் போய்விட்டது.

பத்து நிமிஷம்.

கால் மணி.

பக்கத்து டீக்கடையில் பாட்டுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாகச் சுவரைப் பார்த்தாள். மெயின் சுவிட்ச் கீழே இறக்கியிருந்தது. அதைச் சுற்றிச் சுவர் முழுக்க எண்கள். கரியிலும் சாக்பீஸிலும் லாரிக்காரர்களின் போன் நம்பர்கள்.

நடுவே, நீல மையில், அவளுடைய காரின் எண்.

அதற்குக் கீழே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லக்கூடிய ஒரு போன் நம்பர். ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அவன் கையெழுத்து.

கடைக்காரர் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டதில் கூச்சமாகச் சிரித்தார். தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, சார் மேலூர் தாண்டி வந்துக்கிட்டு இருக்காரு, இந்த ரோட்டுல நீங்க எந்தக் கடையில நிறுத்தினாலும் அவரு வர்ற வரைக்கும் வீலை மாட்டக் கூடாதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்காரு, உங்க மேல அம்புட்டு உசுரும்மா அவருக்கு."