ஆர்கன் பெட்டிக்கு வேர்த்தது

“மாதா திருநாள் மேடையில சினிமா பாட்டா? இன்னாடா நெனச்சுகினு கீறீங்க?”

விழாக் கமிட்டிச் செயலாளர் சிலுவைமுத்து போட்ட சத்தத்தில் ஒத்திகை நின்றுவிட்டது. துறைமுகத்தில் மேஸ்திரி அவர். கப்பலின் அடித்தளத்தில் இருப்பவனையும் கரையில் நின்றபடியே வேலை வாங்கும் தொண்டை.

ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த செல்வநாதன் மெல்ல எழுந்தான்.

“ஒரே ஒரு பாட்டு அண்ணாத்தே. சர்ச்சு சாமியாரே சரின்ட்டாரு.”

“எந்தப் பாட்டு?”

சொன்னான். சிலுவைமுத்து காதைப் பொத்திக்கொண்டார்.

“கர்மம்! டீக்கடைக்குப் போனா அது, சலூனுக்குப் போனா அது. சாமியாரு சொல்லிட்டாரு, உட்டுடறேன். ஆனா ஜனங்க சிரிச்சுதுன்னு வெய்யி, அடுத்த வருசம் இந்த மேடையில உன் பார்ட்டி ஏறாது. ஆமா!”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜனங்கள் சிரித்துவிடுவார்களோ என்றுதான் செல்வநாதனுக்கும் பயம். ஏனென்றால், அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவதே ஆரம்பத்தில் வரும் ஒரு சத்தம்தான். அது வயலினும் இல்லை, குழலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஏதோ புது மிஷினாம். வானத்திலிருந்து ஒன்று சுழன்று சுழன்று இறங்குகிற மாதிரி இருக்கும். ரேடியோவில் அது கேட்டால் போதும், ராயபுரத்தில் சைக்கிளில் போகிறவன்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவான்.

இவனுடைய ஆர்கனோ மூர் மார்க்கெட்டில் பிடித்த பழசு. இருந்த பித்தானையெல்லாம் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாயிற்று. சுரம் அச்சாக வந்தது. அந்தச் சுழற்சிதான் வரமாட்டேன் என்றது. சத்தத்தை நடுங்க வைப்பதற்கென்றே ஒரு பித்தான் இருந்தது. அதை அமுக்கினால் ஆடு கத்தியது.

“பேஜாரு புடிச்ச பாட்டு மாமு, உட்டுடு,” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் அமீர்.

“நோட்டீஸ்ல போட்டாச்சேடா. இந்த மேடை போச்சுன்னா நம்மள எவன் கூப்புடுவான்?”

அமீர் டிரம்ஸ் குச்சியைக் கையில் எடுத்தான். ராயபுரத்தில் தோற்றவனைத் திருவொற்றியூரில் சேர்க்கமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

திருநாள் வந்தது. தேர் சுற்றி வந்து நின்றதும் கச்சேரி ஆரம்பம். தெரு கொள்ளாத கூட்டம். முதல் வரிசையில், ஜெபமாலையும் கையுமாகச் சிலுவைமுத்து. மாதா பாட்டுகள் நல்லபடியாகவே போயின.

அப்புறம் அந்தப் பாட்டின் பெயரை அறிவித்தார்கள். விசில் பறந்தது.

செல்வநாதன் சிலுவை போட்டுக்கொண்டு கையை வைத்தான். ஆடு கத்தியது.

“ம்மே…” என்று கூட்டத்தில் எவனோ பதில் கொடுத்தான். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. செல்வநாதன் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டான். சிலுவைமுத்து விறுட்டென்று எழுந்து வருவதைப் பார்த்தான்.

“தொலைஞ்சோம் மாமு,” என்றான் அமீர்.

ஆனால் சிலுவைமுத்து செல்வநாதனிடம் வரவில்லை. மேடைக்கு அடியில் குனிந்து ஒரு டேபிள் ஃபேனை இழுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

“டேய்! பெட்டி கொதிக்குதுடா! வெடிச்சு கிடிச்சு வெச்சா யாரு ஜவாப் சொல்றது?”

ஆர்கனின் ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதன் மைக்குக்கும் நடுவில், பெட்டியைப் பார்த்தபடி ஃபேனை வைத்துச் சுவிட்சைப் போட்டார்.

“இன்னா முழிக்கிறே? அந்த ஆட்டுப் பித்தான உட்டுட்டு வாசி!”

செல்வநாதன் பயத்திலேயே கட்டையை அமுக்கினான்.

ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்த சத்தம், ஆர்கன் சத்தமே இல்லை. அது சுழன்றது. கிட்டே வந்து தூரப் போய்த் திரும்பவும் வந்தது. கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களிலிருந்து தெரு முழுக்க இறங்கியது. ரேடியோவில் கேட்டதே தேவலாம் என்று யாரும் சொல்ல முடியாது. இது அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிரித்த கூட்டம் கப்சிப் ஆனது. குழந்தைகள் அண்ணாந்து வானத்தைத் தேடின. சுண்டல் விற்றவள் சில்லறை கொடுக்க மறந்து நின்றாள். செல்வநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. வாசிப்பது தன் கைதானா என்று ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள்.

“மாதா செஞ்ச புதுமைடா இது!” என்றான் செல்வநாதன், இறங்கியதும். “அவரு பெட்டிக்குக் காத்து வைக்கப்போயி, எனக்குச் சத்தம் கெடச்சுது பாரு!”

மறுநாள் காலை, மேடையிலேயே கிடந்த ஃபேனை எடுத்துக்கொண்டு சிலுவைமுத்து வீட்டுக்குப் போனான். அவர் மனைவி பிலோமி வாசலுக்கு ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

“கொண்டாந்துட்டியா, நல்லாருப்பே!”

“நேத்து பெட்டி சூடாயிடுச்சுன்னு அண்ணாத்தே தான் அண்ணி…”

“பெட்டியாவது சூடாவறதாவது! மத்தியானமே யாருக்கும் தெரியாம தூக்கினு போயி மேடைக்கு அடியில சொருவிட்டு வந்தாரே.”

செல்வநாதன் விழித்தான். பிலோமி உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வெளிய சொல்லிடாதே தம்பி. அந்தப் பாட்டு வந்த நாள்லேர்ந்து, காலையில ஜெபம் முடிச்சு, கதவ சாத்திகினு, இந்த ஃபேன் முன்னால வாய வெச்சு அந்த மொத சத்தத்த ஒரு தபா இழுத்தாத்தான் உங்க அண்ணாத்தைக்கு நாஸ்டாவே எறங்கும்!”