தலைவரின் இன்முகம்

"பொட்டி மட்டும் பெரிசா இருந்தா போதுமா? எடுக்கத் தெரியணும்!"

கேமராத் திரையைப் பார்த்த சுகுமாறன், அதை மனைவி புஷ்பவல்லியின் கையிலேயே திருப்பித் தள்ளினார்.

திரையில் அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னால் நின்ற பிரிட்ஜ்கூட அவரைவிடச் சிநேகமாகத் தெரிந்தது.

காப்பார் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு ஐயா இந்த வருஷம்தான் தலைவரானார். சும்மாவா? திருவிழாவுக்கு வாசலில் பெரிய பேனர். ஓரமாக அம்மன், நடுவில் சுகுமாறன். கீழே 'இன்முகத்துடன் வரவேற்கிறோம்' என்று கொட்டை எழுத்து. எல்லாம் ரெடி. இன்முகத்தைத்தான் காணோம்.

"ஸ்டூடியோவுல போய் எடுத்துக்கலாமேங்க?" என்றாள் புஷ்பவல்லி.

"வீட்ல இவ்ளோ பெரிய கேமரா இருக்கு, ஸ்டூடியோ எதுக்கு? அப்புறம் நீ என்னத்தக் கத்துக்கிட்ட?"

கேமரா, ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் மலர்விழி அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. அதிலிருந்து சனிக்கிழமையானால் புஷ்பவல்லி கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் போர்ட்ரெய்ட் போட்டோ வகுப்புக்குப் போய்விடுவாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் முகம் தெளிந்திருக்கும். 'பேரன் எடுக்கிற வயசுல இவங்க படம் எடுக்கக் கெளம்பிட்டாங்க' என்று சுகுமாறன் கோயில் கமிட்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தாயிற்று.

"வெள்ளிக்கிழமை பேனர் அடிக்கக் குடுக்கணும். அதுக்குள்ள நல்ல படம் வரல, கேமராவை வித்துடுவேன். கிளாஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

புஷ்பவல்லி கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டாள். பின்னால் பிரிட்ஜ் இல்லை, காலண்டர் இல்லை, வெறும் சுவர்.

"ஜன்னல் வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லதாம், கிளாஸ்ல சார் சொன்னாரு. கொஞ்சம் இப்படித் திரும்புங்க. தாடையை லேசா இறக்குங்க."

"தாடையை இறக்கறதா? தலைவர்னா நிமிர்ந்துதான் இருக்கணும். யூடியூப்ல நானும் பார்த்தேன்."

முதல் படத்தில் தலைவரின் தலை பாதி வெட்டுப்பட்டது. அது புஷ்பவல்லியின் தப்புதான், பழகுகிற கை. அடுத்ததில் சரி செய்துகொண்டாள்.

"கொஞ்சம் சிரிங்களேன்."

"எனக்குச் சிரிக்கத் தெரியாதா? சிரிக்கிற மாதிரி எடு!"

"எதிர்ல இருக்கறவங்ககிட்ட பேசிக்கிட்டே எடுத்தா சிரிப்பு தானா வருமாம். நம்ம மலர் சின்னப் புள்ளையில ஒரு தடவை உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு..."

"கதை அளக்காத. எடு."

எடுத்தாள். கண் பளிச்சென்று இருந்தது. வெளிச்சம் கன்னத்தில் பதமாக விழுந்திருந்தது. முகம் மட்டும் ரோட்டில் மறித்து அபராதச் சம்மன் எழுதுகிற போலீஸ்காரர் முகம்.

கமிட்டிச் செயலாளர் அய்யாவு என்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார் சுகுமாறன். உடனே குரல்பதிவு வந்தது.

"பாஸ், இதைப் போட்டா பக்தருங்க செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே யூ-டர்ன் அடிச்சுடுவாங்க லா!"

சுகுமாறனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டியா? உன்னால என் மானம் போகுது. முகம் நல்ல முகம்தான், எடுக்கற கைதான் சரியில்ல. நாளைக்கு கமிட்டி மீட்டிங்குக்கு வா. அங்க எடு. அதான் கடைசி."

வியாழக்கிழமை சாயங்காலம். கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கமிட்டிக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புஷ்பவல்லிக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போடவில்லை. தூண் பக்கமாக நின்று கேமராவைத் திறந்தாள்.

ஆர்டர் எடுக்க, கடையில் வேலை பார்க்கும் பெண் வாணி வந்தாள்.

"அங்கிள், என்ன குடிக்கிறீங்க?"

சுகுமாறன் நிமிர்ந்தார்.

"அட, வாணியம்மா! என்னம்மா, ரெண்டு நாளா ஆளையே காணோம்? காய்ச்சலா? முகமெல்லாம் வாடிப் போச்சே. மொதல்ல நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு."

"சாப்பிட்டேன் அங்கிள். இப்ப பரவால்ல."

"வேலை எங்கம்மா ஓடிப் போகுது? உடம்பைப் பார்த்துக்க. எனக்கு ஒரு தே தாரிக், சீனி கம்மி. அதான் பேச்சுலயே நான் சீனி போட்டுடறேனே!"

வாணி சிரித்தாள். கமிட்டியே சிரித்தது. சுகுமாறனும் கண்ணோரம் சுருங்க, பல் தெரியச் சிரித்தார்.

கிளிக்.

புஷ்பவல்லி கேமராவை மேசைக்குக் கொண்டுவந்தாள். முதலில் பார்த்தது அய்யாவு.

"யம்மாடியோவ்! பாஸ், முகம்னா இதுதான்லா முகம்! இன்முகம்னு போட்டதுக்கு இப்பதான் அர்த்தமே வருது!"

கேமரா கை மாறி மாறிப் போனது. கடைசியில் தன்னிடம் வந்ததும் சுகுமாறன் தன் சிரிப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது. நிறைந்தால் தலைவர் தாராளமாகிவிடுவார்.

"பார்த்தீங்களா? திட்டுனாதான் இவளுக்கு வேலை ஓடும். சரி சரி, கேமராவை நீயே வச்சுக்க, கிளாஸுக்கும் போ. ஆமா, இதுல மட்டும் என்ன மாத்துன? லென்ஸா, லைட்டா? சொல்லு, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

மேசை முழுக்க அவளைப் பார்த்தது. புஷ்பவல்லி கேமராவை வாங்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஒண்ணும் மாத்தலங்க. மத்த படத்துல எல்லாம் நீங்க என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. இதுல பார்க்கல, அவ்வளவுதான்."