பின்னால் வந்த வண்டி

மேடவாக்கம் தாண்டியதிலிருந்து அந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. சாம்பசிவன் சைக்கிளை மெதுவாக மிதித்தால் அதுவும் மெதுவாக வந்தது. வேகமாக மிதித்தால் அதுவும் வேகமெடுத்தது. முந்திப் போக மட்டும் மாட்டேன் என்றது.

கோவிலம்பாக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நம்பர் பிளேட் இல்லை. ஓட்டியவன் முகத்தைக் கறுப்பு ஹெல்மெட் மறைத்திருந்தது.

விக்கிதான். அவர் இன்னும் அழுத்தி மிதித்தார்.

கீழ்க்கட்டளையில் அவர் தெருவில் பறக்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் மேல் போன வாரம்தான் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்பீட் லாக்கைக் கழற்றிவிட்டு அறுபதில் போகிறார்கள், நம்பரும் கிடையாது என்று. மூன்று வண்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று பக்கத்துத் தெரு விக்கியுடையது.

"பெருசு, நீ டெய்லி சைக்கிள்லதான வர்ற? வா, வா" என்று அன்றே சிரித்தான் அவன்.

மழை தூற ஆரம்பித்தது. ஆறரை மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. எதிரே திரும்பிய கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "சைக்கிளெல்லாம் எதுக்கு சார் மெயின் ரோட்டுக்கு எடுத்துட்டு வர்றீங்க? சாவுறதுக்கா?" என்று கத்திவிட்டுப் போனார்.

தினமும் கேட்பதுதான். தினமும் கைப்பிடியை உரசிக்கொண்டு போகும் பஸ்கள் மட்டும் இன்று தள்ளியே போயின.

கீழ்க்கட்டளை சிக்னலில் ஏட்டு ஜீவானந்தம் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தார். சாம்பசிவன் அவர் மேல் மோதாத குறையாகப் போய் நின்றார்.

"சார், அந்த வண்டி... இருபது நிமிஷமா என்னையே தொரத்திட்டு வருது. என்னை அடிச்சுப் போடத்தான் வர்றான்!"

ஏட்டு பாய்ந்து ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினார். "எறங்குடா. ஹெல்மெட்டக் கழட்டு."

கழற்றினான். விக்கி இல்லை. சாம்பசிவன் முன்பின் பார்த்திராத முகம். முப்பது வயது இருக்கும்.

"நம்பர் எங்க?"

"இது இருபத்தஞ்சுக்கு மேல போகாத வண்டி சார். இதுக்கு நம்பர் தேவையில்ல."

"எனக்கே சட்டம் சொல்றியா? ஸ்டேஷனுக்கு வா, பேசிக்கலாம். இவர எதுக்குத் தொரத்தின?"

அவன் சாம்பசிவனைப் பார்த்தான்.

"தொரத்தல சார். இவரு சைக்கிள்ல பின்லைட்டு இல்ல. இந்த இருட்டுல பஸ்காரன் கண்ணுக்கே தெரியல. அதான் ரெண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கினு பின்னாலயே வந்தேன்."

சாம்பசிவன் குனிந்து தன் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஏட்டு மட்டும் விடவில்லை.

"யாருன்னே தெரியாத ஆளுக்கு நீ எதுக்குடா காவல் வர்ற?"

அவன் மழையில் நனைந்த முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

"எங்கப்பாவும் சைக்கிள்தான் சார். அவரு பின்னாடி யாரும் வரல."